நூற்றெட்டுக் கிலோவுக்கு ஒரு வண்டி

என் வீட்டு மொட்டைமாடியில் மூன்று வண்டிகள் செத்துக் கிடக்கின்றன. மூன்றையும் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதை, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் என் மனைவி மாடிக்கே கூட்டிப்போய்ச் சொல்வாள். ஒன்றில் இப்போது கொத்தமல்லி வளர்கிறது. அது வண்டியாக இருந்ததைவிடத் தொட்டியாக நன்றாக வேலை செய்கிறது.

கள்ளக்குறிச்சியில் 'செழியன் வீடியோஸ்' என்ற பலகையைப் பார்த்திருந்தால் அது நான்தான், இளஞ்செழியன். கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா, திறப்புவிழா எல்லாம் எடுப்பேன். கேமரா, விளக்கு, பேட்டரி, ஸ்டாண்டு, கேபிள் என்று எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்துத் தராசில் வைத்தால் நூற்றெட்டுக் கிலோ. அதை வாசலிலிருந்து மேடைவரை கொண்டுபோகத்தான் வண்டி.

முதல் வண்டி இணையத்தில் வாங்கியது. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் சிரித்துக்கொண்டே தள்ளினார். நூற்றைம்பது கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. தாங்கியது, நிற்கும்போது. சக்கரங்கள் மெதுவடை அளவு. ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணத்தில் இரண்டாவது படியிலேயே அதில் ஒன்று கழன்று பந்திக்குள் உருண்டுபோனது. அடுத்தது காய்கறிக்கூடை தள்ளுகிற இரும்பு வண்டி. அது உடையவே இல்லை. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் நான் அதை நாலடி நகர்த்தியதும், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில் பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்று கிடைத்தது. வெண்ணெய் மாதிரி ஓடும், சத்தமே வராது. தூசி படக்கூடாதென்று பெட்டிகளின் மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தி, மணலூர்பேட்டையில் ஒரு மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு போனேன். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒரு பெரியவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெண்ணின் தாய்மாமன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினார்.

நான்காவது வண்டியைத் தேடத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. குஞ்சம்மாள் அண்ணி ஸ்டுடியோவுக்கு வந்த அன்று அது தொடங்கியது.

அண்ணி, இருசப்பண்ணனின் மனைவி. இருசப்பண்ணன் இருபது வருடமாக என்னோடு இருக்கிற லைட்மேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நூற்றெட்டுக் கிலோவில் பாதியைத் தலையிலும் தோளிலுமாக ஏற்றிக்கொண்டு, "வழி, வழி" என்று அவர் கூட்டத்துக்குள் நுழைந்தால், பின்னால் நான் கழுத்தில் ஒற்றைக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு முதலாளி மாதிரி நடந்து போவேன். அண்ணி பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்ததாகச் சொன்னார். எடுத்து முடித்த பிறகும் ஸ்டூலை விட்டு எழவில்லை. பைக்குள்ளிருந்து அண்ணனின் முதுகு ஸ்கேன் படத்தை உருவி என் விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இதுல இன்னா தெரியுதுன்னு எனக்குத் தெரியல தம்பி. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. தூக்குனா காலே வராம பூடுமாம். அவரு உங்கிட்ட சொல்லமாட்டாரு. நான் சொன்னன்னு தெரிஞ்சா என்கிட்ட பேசமாட்டாரு."

அண்ணனுக்கு இடது பாதம் ஏற்கெனவே மரத்துப்போகத் தொடங்கிவிட்டதாம். போன வாரம் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறார். பூக்காரம்மா கூப்பிட்டுச் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தாராம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். முகூர்த்த நாட்களில் லைட்மேன்களை ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ கைமாற்றிக்கொள்வோம். போனில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஆள் தூக்குவாரா? "இப்ப தூக்கறதில்லையாம்" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், அடுத்த முகூர்த்தத்துக்குள் அது எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அந்த ஆளுக்குப் போன் வராது.

அந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. கல்வராயன் மலையில் சாமை, தினை விளைகிற காடுகளில் பத்து நாள் படப்பிடிப்பு. தயாரிப்பு மேலாளர் இசைவாணி. முப்பது வயது இருக்கும். சொற்களை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பெண். வெள்ளிமலைக்கு அப்பால் ஜீப் நிற்கிற இடத்திலிருந்து வயலுக்கு ஒரு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. எங்கள் யூனிட்டில் நான்கு பேருக்குத்தான் இடம். நான்கு பேரின் பெயரும் காப்பீட்டுப் படிவத்தில் ஏற வேண்டும். அதில் ஒரு கேள்வி: இருபத்தைந்து கிலோ தூக்க இயலுமா? அவர் என்னிடம் போனில் சொன்னது சுருக்கமானது. சாமான் தினமும் பலமுறை இறங்கி ஏறும். எப்படி இறக்குவீர்கள் என்று வியாழக்கிழமை முழுச் சாமானோடு செய்து காட்டுங்கள். மூன்று மணிக்குப் பட்டியலை அனுப்ப வேண்டும்.

வண்டி அந்தப் பாதையில் இறங்கிவிட்டால் யாரும் எதையும் தூக்க வேண்டியதில்லை, இருசப்பண்ணன் பட்டியலில் இருப்பார். இறங்காவிட்டால் அந்த இடத்துக்கு இருபத்தைந்து வயதுத் தோள் ஒன்று வரும். இருசப்பண்ணனிடம் நான் இதில் பாதியைத்தான் சொன்னேன். கம்பெனி வண்டி கேட்கிறது என்றேன். மீதியைச் சொன்னால் அண்ணியைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.

இந்த முறை இணையத்தை மூடிவிட்டு அளவு டேப்போடு மலைக்குப் போனேன். பாதையின் மிகக் குறுகலான இடம் இரண்டு பாறைகளுக்கு நடுவில், முப்பது அங்குலம். வழியில் கிடந்த கல்லில் பெரியது ஒரு சாண் உயரம். சக்கரம் அந்தக் கல்லைவிட இரண்டு மடங்காவது உயரமாக இருந்தால்தான் ஏறி இறங்கும், இல்லையென்றால் முட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வண்டிகள் ஆயின.

சங்கராபுரம் சாலையில் கந்தசாமி என்பவரின் வெல்டிங் பட்டறை. அரிசி ஆலைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் வண்டி அடித்துத் தருகிறவர். எத்தனை கிலோ ஏற்றுவேன் என்று கேட்டார். நூற்றெட்டு என்றேன்.

"அப்ப இருநூறுக்குப் போட்டுடறன். இங்க வர்றவங்க ஏத்தறதுல பாதியத்தான் வாயால சொல்லுவாங்க."

பழைய மொபெட் சக்கரம் நான்கு, காற்றடிக்கிற டயர். பஞ்சரானால் எந்தச் சைக்கிள் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். கனமான அச்சு. பின்சக்கரங்களுக்குப் பிரேக், கைப்பிடியிலேயே லீவர். அகலம் இருபத்தாறு அங்குலம். இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மேல்தட்டுக்கு வந்தபோது என் புத்தி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. கந்தசாமி ரப்பர் பாய் ஒட்டலாம் என்றார். நான் எவர்சில்வர் தகடு கேட்டேன், பளபளவென்று இருக்குமே. தகட்டின் மேல் நீல நிறத்தில் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தது. அதை உரிக்கப் போனவரையும் தடுத்தேன். எங்கள் ஊரில் புதுக்கார் வாங்கினால் சீட்டின் கவரைப் பிரிக்காமல் மூன்று வருடம் வியர்த்துக்கொண்டே ஓட்டுவோம். சென்னை மேடம் பார்க்கும்போது வண்டி புதுசு என்று தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒரு கோழை. சோதித்துப் பார்க்காத வண்டியில், மலைச்சரிவில், என் கேமராக்களை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. மச்சானின் வயலிலிருந்து மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் எடைக்குச் சரியாக நிறுத்து, பழைய வேட்டியில் சுற்றி அடைத்துப் பூட்டினேன். மொத்தம் நூற்றெட்டுக் கிலோ. முழுச் சாமான் என்று மேடம் சொன்னது எடையைத்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிவதற்குள் பெட்டிகளை நானே வண்டியில் அடுக்கி, ஒரு பட்டையால் கட்டி, பலகை போட்டு பிக்கப்பில் ஏற்றிவிட்டேன். அண்ணன் தூக்கக் கூடாது என்பது ஒரு காரணம். தூக்கினால் கிழங்கு உருளும் என்பது இன்னொன்று. ஆறு மணிக்கு வந்த இருசப்பண்ணன் கட்டி முடித்திருந்ததைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் கை படாமல் எங்கள் சாமான் ஏறியதில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நீலத் தாளைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் பேசினார்.

"வண்டி ஜோரா கீது தம்பி. இனிமே ஆளு கம்மியா போதும்."

நான் வழக்கம்போல எதையோ சொல்லிச் சிரித்தேன். அடுத்தது எனக்குப் பதிலாகவும் ஒரு மிஷின் வந்துவிடும் என்றோ என்னவோ. அவர் சிரிக்கவில்லை. இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் கழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரைக் காப்பாற்ற வாங்கிய வண்டியை, அவரை அனுப்பிவிட வாங்கியதாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

ஜீப் நிற்கிற இடத்தில் இசைவாணி எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். வண்டியை நாலாபக்கமும் பார்த்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். செல்போனில் பதிவை ஆரம்பித்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார். அப்போது மணி பதினொன்றரை.

முதல் முந்நூறு அடி சமதளம். சக்கரங்கள் கற்களின் மேல் ஏறி இறங்கி, ஒரு முனகல்கூட இல்லாமல் போயின. பாறை இடுக்கில் இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம் வைத்து நுழைந்து வெளியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் முன்னால் நின்று திசை திருப்பினேன், இருசப்பண்ணன் பின்னால் கைப்பிடியையும் பிரேக்கையும் பிடித்திருந்தார், அவருக்குப் பின்னால் இசைவாணி.

அதன் பிறகு சரிவு. மூன்றடி அகலப் பாதை, வலது பக்கம் பாறைச்சுவர், இடது பக்கம் உண்ணிச்செடிப் புதர்களாக இருபதடிக்குக் கீழே ஓடை. பாதி இறங்கியிருப்போம். வலது சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. வண்டி லேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான் சாய்ந்தது. ஆனால் மேலே நூற்றெட்டுக் கிலோவும் அந்த நீலத் தாளின் மேல், எண்ணெய் தடவிய மாதிரி, மொத்தமாக இடது பக்கம் நகர்ந்தது. பட்டை நழுவியது. இடது பின்சக்கரம் பாதையின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்று சுற்றியது.

இருசப்பண்ணன் கைப்பிடியை விட்டுவிட்டு வண்டியின் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றி, பாறைச்சுவரில் வலது காலை ஊன்றி, பின்னால் சாய்ந்தார். வண்டி நின்றது. அவருடைய முதுகில் நின்றது.

நான் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் இருந்தேன். அதைத் தாண்டி அவரிடம் போக வழியில்லை. முன்சட்டத்தை நான் பிடித்திருந்தேன், ஆனால் சாய்கிற பாரம் முழுக்கப் பின்னால்தான். இசைவாணி ஓடிவந்து கைகொடுக்கப் பார்த்தார். அங்கே நிற்க இரண்டாவது ஆளுக்கு இடமில்லை, கிட்டே வராதீர்கள் என்று கத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். இருசப்பண்ணனின் இடது செருப்பு ஆறடிக்கு மேலே, பாதையில் தனியாகக் கிடந்தது. வெறுங்கால் உடைந்த சரளையின் மேல் ஊன்றியிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

"வுடுண்ணா," என்றேன்.

"கேமரா கீது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"கேமரா இல்லண்ணா. வூட்ல கீது. இதுல மரவள்ளி. சத்தியமா மரவள்ளி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

"இப்பவுமா தம்பி ஜோக்கு?"

இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பைப் பதிலாகச் சொல்லி வந்தவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையைச் சொல்கிறேன், அது கேட்பதற்கும் அப்படியே ஜோக் மாதிரி இருக்கிறது. வண்டி இன்னும் ஓர் அங்குலம் நழுவியது. அவருடைய முழங்கைகள் நடுங்கத் தொடங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. இடது முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. அவர் அதை நிமிர்த்தினார், மறுபடி மடங்கியது.

இன்னொரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் அவர் நிச்சயம் நம்புவார். செல்போனைப் பிடித்தபடி நாலடிக்கு அப்பால் நிற்கிற இசைவாணியும் கேட்பார். கேட்டால் மூன்று மணிப் பட்டியலில் அண்ணன் பெயர் இருக்காது. இத்தனை பாடும் எதற்குப் பட்டேனோ அது என் வாயாலேயே போகும்.

"குஞ்சம்மா அண்ணி சொல்லிட்டாங்கண்ணா. ஸ்கேன நான் பாத்துட்டன். காலு பூடும். வுடுண்ணா."

அவர் முகத்திலிருந்த பலம் முழுவதும் எங்கோ போனது. என்னைப் பார்த்துக்கொண்டே கைகளை விரித்தார். நானும் விட்டுவிட்டுப் பாறையோடு ஒட்டிக்கொண்டேன்.

வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்தது. பிறகு புதர்களை முறித்துக்கொண்டு இரண்டு முறை உருண்டு, ஓடைக்கு மேலே ஒரு மருதமரத்தில் மோதி நின்றது. பெட்டிகள் திறந்து, கிழங்கு சரிவெங்கும் ஓடியது.

இசைவாணி பதிவை நிறுத்தினார். இருசப்பண்ணனின் செருப்பை எடுத்து அவர் காலருகில் வைத்தார். பிறகு பாதையில் கிடந்த ஒரு கிழங்கைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது எந்த லென்ஸ் சார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. முழுச் சாமான் என்று சொன்னதை நான் ஏமாற்றியது ஒன்று, தூக்க முடியாதவரைத் தூக்குகிறவர் என்று கூட்டிவந்தது இன்னொன்று, இரண்டையும் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்றார். பிடிக்காமல் சொல்லவில்லை, இது காப்பீடு, அவருக்கு இங்கே ஏதாவது ஆனால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வேறு பெயர் இருந்தால் யோசித்து வையுங்கள் என்றார்.

இருசப்பண்ணன் கல்லில் உட்கார்ந்து இடது காலைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் குந்தினேன். வண்டி எதற்காக வாங்கினேன் என்று முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஒரு ஜோக்கும் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டாரா என்றுகூடத் தெரியவில்லை. கீழே மரத்தில் சாய்ந்து கிடந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சு வளையல," என்றார் கடைசியில்.

பிறகு மெதுவாக, என்னைப் பார்க்காமல்:

"காத்தால பாத்தப்பவே தெரியும் தம்பி, அந்தத் தாளு வழுக்கும்னு. ஒரு பட்டை பத்தாதுன்னும் தெரியும். இது வந்தா நான் இன்னாத்துக்கு. கவுந்து போவட்டும்னுதான் வாய மூடிக்கினு இருந்தன்."

"அப்புறம் இன்னாத்துக்குப் புடிச்ச?"

"உள்ள கேமரா கீதேன்னு."

எழுந்து, உட்கார்ந்து உட்கார்ந்து சரிவில் இறங்கினார். வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். சட்டத்தில் இரண்டு இடத்தில் பெயின்ட் போயிருந்தது, கைப்பிடி கொஞ்சம் கோணியிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. கந்தசாமி இருநூறு என்று சொன்னது வீண்பேச்சு இல்லை. இருசப்பண்ணன் நிமிர்ந்து இசைவாணியைப் பார்த்தார். இன்னொரு தரம் இறக்கிக் காட்டட்டுமா என்று கேட்டார். இசைவாணி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். எதையும் தூக்குவதில்லை என்றால் சரி என்றார்.

அப்புறம் நடந்ததில் எனக்கு முதலாளி வேலை எதுவும் இல்லை. பிக்கப்பிலிருந்து கேபிள் கட்டுகிற நீளக் கயிறு, இன்னொரு பட்டை, சாக்குகள் கொண்டுவரச் சொன்னார் இருசப்பண்ணன். கிழங்கைப் பொறுக்கிப் பெட்டியில் போடச் சொன்னார். நானும், மேலே பிக்கப்பில் காத்திருந்த டிரைவரும், சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்த இசைவாணியுமாக வண்டியை மேலே இழுத்தோம். இருசப்பண்ணன் கயிற்றை மரத்தில் சுற்றி, நாங்கள் இழுக்க இழுக்கத் தொய்வை மட்டும் வாங்கிக்கொண்டார். சமதளத்துக்கு வந்ததும் நீலத் தாளை ஓரத்தில் கிள்ளி, ஒரே இழுப்பில் முழுவதும் உரித்தார். ஈரச்சாக்கை விரித்தார். கனமான பேட்டரிப் பெட்டிகள் அடியில், ஸ்டாண்டுகள் மேலே, பட்டைகள் குறுக்கும் நெடுக்கும். எல்லாம் விரலால் காட்டியது, நான் செய்தது. ஒரு பெட்டி கோணலாக இருந்தபோது அவர் கை தானாக அதற்கு நீண்டது. இசைவாணி தொண்டையைச் செருமினார். கை திரும்பிப்போனது.

இரண்டாவது முறை இறங்கியபோது மணி இரண்டு. வண்டியின் பின்சட்டத்தில் கயிறு. அதன் மறுமுனை பாதையோரத்து மரத்தில் ஒரு சுற்று. இருசப்பண்ணன் மரத்துக்குப் பின்னால் நின்று, கயிற்றை ஒரு கை ஒரு கையாக விட்டார். தேர்த்திருவிழாவில் ஜெனரேட்டரை மேட்டிலிருந்து இறக்க அவர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். பாரம் மரத்துக்கு, அவர் கைக்கு வருவது மிச்சம்தான். நான் கைப்பிடியில் பிரேக்கோடு, டிரைவர் முன்னால். அந்தக் கல் வந்தது. வண்டி அதே மாதிரி சாய்ந்தது. பெட்டிகள் அசையவில்லை. "நில்லு" என்றார். நின்றோம். அவர் அடுத்த மரத்துக்கு இறங்கிவந்து கயிற்றை மாற்றிச் சுற்றினார். "வுடு" என்றார். இப்படியே ஆறு மரங்கள். வயல் வரப்பில் சக்கரம் இறங்கியதும் பிரேக்கை இறுக்கி நிறுத்தினேன். தூரத்தில் சாமை அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

இசைவாணி வரப்பில் நின்று செல்போனில் படிவத்தைத் திறந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார். அடுத்த கேள்விக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இருபத்தஞ்சு கிலோ தூக்க முடியுமாண்ணா?"

முடியும் என்று சொல்ல என் வாய் திறந்தது. இருசப்பண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என் முன்னாலும், டிரைவர் முன்னாலும், இருபது வருடத்தில் அவர் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"முடியாதுங்க. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. எடது காலு மரத்துப் பூடுது."

"அப்போ இங்க என்ன வேலை செய்வீங்க?"

"வண்டிய எறக்குவன், ஏத்துவன். எத்தினி தபா வேணும்னாலும். பொட்டி ஒண்ணும் வுழாதுங்க."

இசைவாணி சிக்னல் தேடி ஒரு பாறைமேல் ஏறினார். அங்கிருந்து அவர் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரு கையால் வண்டியைக் காட்டினார், யாருக்கோ தெரிகிற மாதிரி. நடுவில் நெடுநேரம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டே முக்கால். டிரைவர் பீடி பற்றவைத்தார். இருசப்பண்ணன் இடது செருப்பின் வாரில் ஒரு சணல் துண்டைச் சுற்றிக் கணுக்காலோடு கட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வண்டியின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று நாலாவது முறையாக அமுக்கிப் பார்த்தேன்.

பாறையிலிருந்து இறங்கி வந்த இசைவாணி நிபந்தனைகளைச் சொன்னார். பெட்டி ஏற்றி இறக்க இந்த ஊரிலிருந்தே இரண்டு பேரைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். டாக்டர் கடிதம் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். படிவத்தில் லைட்மேன் என்று போட முடியாது, வண்டிப் பொறுப்பு என்றுதான் போட முடியும். இவர் ஒரு பெட்டியைத் தொட்டதை ஒருமுறை பார்த்தால் நீங்கள் இரண்டு பேரும் அன்றே மலையிறங்க வேண்டும். கேமராக்கள் உண்மையான கேமராக்களாக இருக்க வேண்டும். கடைசியைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். பிறகு திரையில் பெயரைத் தட்டினார். இருசப்பண்ணன் அந்த விரலை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி மேலே ஏற வேண்டும். அவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அண்ணி என்னிடம் வந்தது, நான் மறைத்தது, எல்லாம் அவருக்குள் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் மரத்துக்கு ஏறினார். ஒரு சுற்று சுற்றி இறுக்கிவிட்டு, கீழே நின்ற என்னைப் பார்த்தார்.

"நீ பின்னால நில்லு தம்பி. கைமீறிச்சின்னா மொதல்ல உம்மேலதான் ஏறும். அப்பதான் ஒழுங்காத் தள்ளுவ."

நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று தோளைக் கொடுத்தேன். மேலே கயிறு விறைத்தது.

"தள்ளு," என்றார்.